பழுப்பு வரி

பீ...ப் என்று மெஷின் அலறியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

இசக்கிசெல்வி கார்டைத் துடைத்து மறுபடியும் தேய்த்தாள். மறுபடியும் சிவப்பு. அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டது.

தம்பானூரில் அந்த ஹோட்டலுக்கு வருகைப் பதிவு மெஷின் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்கு முன்பு நோட்டில் கையெழுத்து. இந்த வாரத்தில் அவளுக்குக் கெட்டுப்போன மூன்றாவது கார்டு இது. துப்புரவு வேலைக்காரர் இருபது பேரில் வேறு யாருக்கும் கெடவில்லை.

"சேச்சி, தள்ளி நில்லு. மத்தவங்க போகட்டும்," என்றான் காவலாளி ரெஜி.

சூப்பர்வைசர் ஜெயஷீலா வந்துவிட்டாள். "லேட்டா வந்தா மெஷின் காட்டிக் குடுக்கும்னு வேணும்னே கெடுக்கிற, இல்லியா? இன்னொருக்க ஆச்சுன்னா வேலை இல்லைன்னு நேத்தே சொன்னேனே."

"சத்தியமா இல்ல மேடம். தண்ணிகூடப் படவிடல."

ரெஜி கார்டை வாங்கித் திருப்பினான். முதுகில் பழுப்பு நிறத்தில் ஒரு வரி. தன் கார்டையும் காட்டினான். அதில் வரி கறுப்பு.

"பாரு சேச்சி. இந்த வரியில காந்தப் பொடி இருக்கு. உன் நம்பர் அதுலதான் எழுதியிருக்கு. கறுப்புன்னா பலமானது, லேசுல அழியாது. பெர்மனன்ட் ஸ்டாஃபுக்குத்தான் குடுப்பாங்க. பழுப்பு மலிவு. ரூம் சாவிக் கார்டு மாதிரி அழிச்சு அழிச்சு எழுதலாம். வேற காந்தம் கிட்ட வந்தாலே போச்சு."

"எனக்கும் கறுப்பே குடுங்களேன் தம்பி."

"கான்ட்ராக்ட் ஆளுக்கு அது இல்ல கேட்டோ."

"காந்தத்துக்கு நான் எங்க போவேன்? எங்க வீட்ல ஃபிரிட்ஜ்கூடக் கிடையாது."

ஜெயஷீலா கடிதத்தில் பெயரை எழுதத் தொடங்கினாள். கணக்கு தீர்க்கும் கடிதம். இசக்கிசெல்வி அந்தப் பேனாவையே பார்த்தாள். பொய் சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கேட்கலாம். செய்யாத தப்புக்கு என்ன கேட்பது?

"மேடம், ஒரு நிமிஷம்," என்றான் ரெஜி. "சேச்சி, வீட்ல கார்டை எங்க வைப்ப?"

"எனக்குத் தெரியாது. போனதும் அவுககிட்ட குடுத்துருவேன். அவுகதான் பத்திரப்படுத்துவாக. வெளியதான் நிக்காக."

அவள் கணவன் சொரிமுத்து, சாலை பஜாரில் மைக்செட் கடையில் ரிப்பேர் பார்ப்பவன். மனைவிக்காகப் பேச வந்து வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தான். ரெஜி கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஜெயஷீலாவைக் கும்பிட்டான்.

"கார்டைக் கவனிக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க மேடம். எலி கடிச்சிரும்னு தினமும் நானே பீரோக் கதவுல ஒட்டி, மேல பெரிய ஸ்பீக்கர் காந்தமாப் பாத்து அமுக்கி வைக்கேன்."