லட்சத்தைத் தாண்டியவர்

"மாப்பிள்ளைக்கு ஒரு பரிசு கொண்டு வந்திருக்கேன்" என்றபடி மச்சான் பயிற்சி அறைக்குள் நுழைந்தார். பின்னால் இரண்டு ஆட்கள் அலமாரி உயரத்துக்கு ஒரு மெஷினைத் தூக்கி வந்து சுவரோரம் இறக்கினார்கள்.

அதைப் பார்த்ததும் லட்சம் சாரின் முகம் வெளுத்தது.

வீடியோ கேம் பயிற்சி நிலையத்தின் தலைமைப் பயிற்சியாளர் அவர். பத்தொன்பது வயதில் 'சுரங்கப்பாதை' விளையாட்டில் ஒரு லட்சத்து நாலாயிரத்து முந்நூறு புள்ளி எடுத்தார் என்று வாசல் பலகை சொல்லும். பட்டப்பெயர், வேலை இரண்டும் அதனால் வந்தவை. அதைச் சரிபார்க்கத்தான் வழியில்லை. ஒரு வகை மெஷினுக்கு எழுதிய விளையாட்டு இன்னொரு வகையில் ஓடாது. புதுக் கம்ப்யூட்டரைப் பழைய மெஷின் போல நடிக்க வைக்க யாருக்கும் தெரியாது. மெஷின் செத்தால் விளையாட்டும் உடன்கட்டை ஏறிவிடும். சுரங்கப்பாதை மெஷின்கள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போய், இருபது வருடமாக அந்த விளையாட்டை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

இப்போது ஒன்று எதிரே நிற்கிறது.

மச்சான் பழைய எலெக்ட்ரானிக் சாமான் வியாபாரி. அவர் மகன் இந்த நிலையத்தில் சேர இரண்டு தடவை வந்தான். விரல் ஓடவில்லை என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினார் லட்சம் சார். தங்கை புருஷன் என்றும் பாராமல் அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருந்த மச்சானுக்கு, மூடிக்கிடந்த ஓட்டலின் கிடங்கில் இந்த மெஷின் அகப்பட்டது, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. கையோடு தங்கையையும் காரில் ஏற்றி வந்திருந்தார்.

மேனேஜரம்மாவை அழைத்து மெஷினைப் போட்டுக் காட்டினார். திரையின் மேல்பக்கம் புள்ளிகளுக்காக ஐந்து பூஜ்யங்கள்.

"எண்ணிக்கோங்க மேடம். அஞ்சு இலக்கம். லட்சத்துக்கு ஆறு வேணும். மாப்பிள்ளை ஆறாவதை எங்க வச்சிருந்தாரு, சட்டைப் பையிலயா?"

லட்சம் சார் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார். சுரங்கத்தில் உடைக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் பத்துப் புள்ளி. தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுக்கு மேல் போனால் எண் மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அந்த நொடியில் சுரங்கத்தின் நீலச் சுவர் முழுக்கச் சிவப்பாக மாறும். அதற்கப்புறம் எடுத்த நாலாயிரத்து முந்நூறை லட்சத்தோடு கூட்டித்தான் சொன்னார். பார்த்த ஒரே ஆள் அந்த மெஷினை வைத்திருந்த கடைக்காரர். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"சாட்சி செத்தாச்சு. ரொம்ப வசதி" என்றார் மச்சான்.

மேனேஜரம்மா சுற்றி வளைக்கவில்லை. மூன்று ஆட்டம் தருவதாகச் சொன்னார். சிவப்புச் சுவரைக் காட்டாவிட்டால் திங்கட்கிழமை பலகையும் இருக்காது, அவரும் இருக்க மாட்டார்.

லட்சம் சார் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"உண்மையாவே எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

பதினேழு வருடத்தில் அவள் கேட்காத கேள்வி. மச்சானின் நையாண்டியெல்லாம் அதற்கு முன்னால் தூசு. அவர் மெஷின் முன்னால் போய் நின்றார்.

முதல் ஆட்டம் பன்னிரண்டாயிரத்தில் முடிந்தது. ஜாய்ஸ்டிக் துருப்பிடித்து இடதுபக்கம் முரண்டு பிடித்தது. இரண்டாவது முப்பத்தோராயிரம். கண்ணாடியைத் துடைத்துத் தரட்டுமா என்று விசாரித்தார் மச்சான். ஒரு நாற்காலியை இழுத்து, சுவரில் ப்ளக் இருந்த இடத்தை ஒட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது ஆட்டத்தில் விரல்களுக்குப் பழைய வழி ஞாபகம் வந்தது. ஐம்பதாயிரம் தாண்டியது. எழுபதும் தாண்டியது. மச்சானின் பேச்சு குறைந்தது. தொண்ணூறில் நின்றே போனது. இரண்டு மணி நேரமாக லட்சம் சார் தண்ணீர் குடிக்கவில்லை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மேனேஜரம்மா நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம். தொள்ளாயிரத்து நாற்பது. தொள்ளாயிரத்து எழுபது.

திரை கறுத்தது.

ப்ளக் மச்சானின் கையில் இருந்தது.

"சூடாயிடுச்சு. எரிஞ்சிடக் கூடாதேன்னுதான்..." என்றார். மறுபடி மாட்டச் சொன்னார் மேனேஜரம்மா. மாட்டினார். உள்ளே எதுவோ பட்டென்று வெடித்தது. திரையில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடி மறைந்தது. கருகிய நாற்றம் அறை முழுக்கப் பரவியது. எத்தனை முறை தட்டியும் அதற்கப்புறம் மெஷின் மூச்சு விடவில்லை.

மனைவி அண்ணனின் எதிரே வந்து நின்றாள்.

"அவர் தோத்துடுவார்னு நினைச்சிருந்தா நீ தொட்டிருக்கவே மாட்டண்ணா."

பலகை இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு மேனேஜரம்மா அறையை விட்டு வெளியேறினார்.

லட்சம் சாருக்கு நெஞ்சு குளிரவில்லை. கை இன்னும் ஜாய்ஸ்டிக்கை விடாமல் பிடித்திருந்தது. உலகத்தில் இன்னொரு மெஷின் இருப்பதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"இன்னும் மூணே மூணு கல்லு, மச்சான். கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா அந்தச் சிவப்பை நீங்களும் பாத்திருப்பீங்க."

"அப்படி ஒண்ணு இருக்குன்னு உங்க பேச்சை நம்பச் சொல்றீங்களா?"

"இனிமே உங்களுக்கு வேற வழி இல்ல" என்றார் லட்சம் சார்.