கஞ்சி போட்ட வூஃபர்

ஐயம்பேட்டை டெண்டுக் கொட்டாயை மூடியபோது திரையையும் பெஞ்சுகளையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரைக்குப் பின்னால் இருபது வருஷம் முழங்கிய, கனத்த ஓசைக்கான பெரிய ஸ்பீக்கர்களான வூஃபர்கள் ஆறையும் அள்ளிக்கொண்டு வந்தவர் பட்டு வியாபாரி வேலாயுதம். முறம் அகலத்தில் காகிதக் கூம்பு, முதுகில் கனத்த காந்தம், அமெரிக்கச் சரக்கு. ஸ்பீக்கரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் என்ன, விற்கத் தெரியுமே. புடவை விரிக்கிற வெள்ளை விரிப்பில் ஆறையும் அடுக்கி, பளபளப்பாக இருந்த இரண்டை நடுவில் வைத்தார்.

மைக் செட் வாடகைக்கு விடுகிற பெரியநாயகி வூஃபர் வாங்க வந்தபோது கண்ணாயிரம் முன்னாலேயே வந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தான். அவனும் மைக் செட் வைத்திருப்பவன்தான்.

"வாக்கா. வளையல் கடை பக்கத்துத் தெருவுல இல்ல இருக்குது?"

"தெரியும்பா. உன் ஆம்ப்ளிஃபயருக்குப் போட்டு வுட வளையல் வாங்கிக்கினுதான் வந்தேன்."

அவள் புருஷன் அர்ஜுனன் போன வருஷம் மெட்ராஸுக்குப் போய் அங்கேயே வேறு குடித்தனம் போட்டுக்கொண்டான். அன்றைக்கே அவள் 'அர்ஜுனன் சவுண்ட் சர்வீஸ்' போர்டில் முதல் வார்த்தையை அழித்துத் தன் பேரை எழுதிக்கொண்டாள். ஈயம் பற்றவைத்ததும் ஒயர் இழுத்ததும் எப்போதும் அவள்தான். அவன் மைக்கில் 'ஹலோ' சொன்னதோடு சரி. ஆனால் தாமல் அம்மன் கோயில் கூத்துக்குப் பெண் பேர் போட்ட போர்டா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். தர்மகர்த்தா ஆதிகேசவன்தான் ஒரு வழி சொன்னார்: வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவளும் கண்ணாயிரமும் செட் கட்டட்டும், ஏரி மதகில் யாருடைய மத்தளம் சுத்தமாகக் கேட்கிறதோ அவருக்கே கூத்து. அவளிடம் இருந்ததெல்லாம் குழாய் ஸ்பீக்கர். அதில் மத்தளம் தகர டப்பாவாகக் கேட்கும். வூஃபர் இல்லையென்றால் தாமல் இல்லை. தாமல் போனால் அந்தப் போர்டை விறகுக்குத்தான் போட வேண்டும்.

மாட்டுத் தரகிலிருந்து பட்டுக்கு வந்தவர் வேலாயுதம். பட்டு வந்த பிறகும் துண்டு தோளை விட்டு இறங்கவில்லை. விலை பேச அதற்கடியில் கை நீட்டுவார், விரல்தான் பேசும். ஆளுக்கொரு விலை, அடுத்தவனுக்குத் தெரியாது.

"பொம்பளைங்களோட துண்டு போடறது வழக்கமில்லமா. உனக்கு வேண்டியத கண்ணாயிரம் கேட்டுச் சொல்லட்டும்."

"எனக்குக் கை இருக்குதுணா, வாயும் இருக்குது. எல்லார் காதுலயும் உழறாப்ல கேட்டுக்கிறேன். மொதல்ல சரக்கப் பாக்கறேன்."

ஒவ்வொன்றாக மடியில் கவிழ்த்தாள். முதலில் காந்தத்துப் பக்கம் மூக்கை வைத்தாள். உள்ளே கம்பிச் சுருள் கருகியிருந்தால் வாடை காட்டிக் கொடுத்துவிடும். ஒன்று கருகியிருந்தது, ஓரம் தள்ளினாள். அடுத்து, பத்து விரலையும் கூம்பில் பரப்பி மெல்ல அமுக்கி, காதைக் கிட்டே கொண்டுபோனாள். ஒன்று 'கர்' என்றது. உள்ளே சுருள் உரசுகிறது. அதுவும் ஓரம். பிறகு டார்ச் செல்லில் இரண்டு ஒயரை வைத்துத் தொட்டாள். நல்ல கூம்பு 'டப்' என்று எகிறும்.

நடுவில் இருந்த இரண்டும் சோம்பலாக எழுந்து உட்கார்ந்தன. பின்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். கிழிசலுக்கு மேல் பட்டுத் துண்டு ஒட்டி, முன்பக்கம் கறுப்பு மை தடவியிருந்தது. முகர்ந்தாள். புளித்த வாடை.

"இன்னாணா இது, தறியில பாவு நூலுக்குப் போடற கஞ்சியில ஒட்டியிருக்கீங்க?"

"பட்டுமா! அதவிட உறுதி எது?"

"ஏரிக்காத்துப் பனியில கஞ்சி ஊறிப் பூடும். பட்டு தனியா, ஸ்பீக்கர் தனியா வந்துடும்."

வேலாயுதம் கண்ணாயிரத்தைப் பார்த்துக் கண் சிமிட்டினார். குறை சொல்கிறாளா, அப்படியானால் மனசு அதில்தான் இருக்கிறது என்பது அவர் நாற்பது வருஷக் கணக்கு. கண்ணாயிரத்துக்கும் அதே கணக்குத்தான். வேலாயுதம் அந்த இரண்டையும் இணைத்து இசைத்தட்டு ஒன்றைப் போட்டார். காய்ந்த கஞ்சி கணீரென்று பாடியது. அவ்வளவுதான், கண்ணாயிரத்தின் கை துண்டுக்கடியில் ஓடியது.

"முடிஞ்சிதுக்கா! நீ வெல கொறைக்கறதுக்குள்ள நான் வாங்கிட்டேன்."

"நெசத்தச் சொன்னேன்பா."

"ஆமா, ஆமா."

மிச்சமிருந்தவை இரண்டு. சட்டமெல்லாம் துரு, புறா எச்சம், விளிம்பு நார் நாராகக் கிழிசல். ஆனால் செல்லைத் தொட்டதும் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளின.

"அதுங்களுக்கு அம்பது குடுத்துடுமா," என்றார் வேலாயுதம். துண்டு இல்லாமல் எல்லார் முன்னாலும் விலை பேச அவர் நாக்குப் பழகவில்லை.

"முப்பது. ஏறுனா இங்கயே கெடக்கட்டும், புறா குடித்தனம் பண்ணும்."

முப்பத்தைந்துக்கு முடிந்தது. விளிம்புக் கிழிசலை ஒட்ட மல் துணியும் சைக்கிள் கடை ரப்பர் சொல்யூஷனும் போதுமானதாக இருந்தன.

வெள்ளிக்கிழமை, மாசிப் பனி தாமல் ஏரியை மூடியிருந்தது. இருவர் பெட்டிகளும் ராத்திரி முழுக்க வெளியில் நனைந்து கிடந்தன. முதலில் கண்ணாயிரம். மத்தளக்காரர் நாலு தட்டு தட்டியதும் பெட்டிக்குள் பல்லி செத்தது போல ஒரு வாடை, பிறகு 'பொத்... பர்ர்'. கறுப்பு மை வடிந்து, நடுவில் ஒரு சரிகைப் பூ தலைகீழாகத் தொங்கியது. அடுத்து அவளுடையது முழங்கியதும் மதகில் நின்ற ஆதிகேசவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டார், தரை அதிர்ந்ததாம்.

திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். "கூத்து உனக்குத்தாம்மா. அந்தப் போர்ட மட்டும் செவுத்துப் பக்கமா திருப்பி வெச்சிடு. நாலு பேரு நாலு விதமா பேசறாங்க."

பெரியநாயகி போய் இரண்டு பெட்டியையும் ஏரித் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அடுத்த தட்டில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் கிளம்பின. போட்டியைக் கேட்கக் கோயில் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தகர டப்பாதான் கேட்டது.

"இன்னாமா இது?" என்றார் ஆதிகேசவன்.

"போர்டு எந்தப் பக்கம் பாக்குதோ, பெட்டியும் அந்தப் பக்கந்தாங்க பாக்கும்."

பாயிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "யோவ் ஆதிகேசவா, கொக்குக்கா கூத்து? போர்டு அது பாட்டுக்கு இருக்கட்டும்யா!"

பெட்டி திரும்பியது. போர்டு அசையவே இல்லை.

சரிகைப் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்த கண்ணாயிரம் அருகில் வந்தான். "அக்கா, அடுத்தவாட்டி வாங்கசொல்ல நீயும் கூட வாயேன்."

"வரேன்பா," என்றாள் அவள், ஒயரை இழுத்துக் கட்டியபடி. "துண்டுக்கடியில நீட்டற கைய மட்டும் ஊட்ல வெச்சிட்டு வா."