மாமனாருக்கு ஓர் இரங்கல்

கமலநாதனுக்கு விரல் முந்தும், புத்தி பிந்தும். தெப்ராவ் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவனுக்கு நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் மட்டும் வெளுத்து வாங்குவான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, 'சாஆ தோட்டத்து உறவுகள்' என்ற குழுவில் மணியத்தின் படம் வந்தது. அடுத்த மாதம் அவனுக்குப் பெண் கொடுக்கப்போகிறவர். வெள்ளைச் சட்டை, சுற்றிலும் பூ, கீழே பிறந்த ஆண்டு. வாரம் ஒரு சாவுச் செய்தி அந்தக் குழுவில் இப்படித்தான் வரும். கமலநாதன் படத்தை முழுசாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை முந்திக்கொள்ள வேண்டாமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினான்: "யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியறியாத மணியம் மாமா நம்மை விட்டுப் பிரிந்தார். ஆழ்ந்த இரங்கல்."

அரை மணி நேரத்தில் மணியத்தின் மகள் தேன்மொழி, அவனுக்கு நிச்சயமானவள், அழைத்தாள்.

"அது அறுபதாவது பொறந்தநாள் போஸ்டர்ங்க! நான்தான் செஞ்சேன். அப்பா இங்க தோசை சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு!"

"அலமாக்!" கமலநாதன் தலையில் அடித்துக்கொண்டான்.

அழிக்கப்போன விரல், பதற்றத்தில் "எனக்கு மட்டும் அழி" என்பதை அமுக்கித் தொலைத்தது. அவன் கைப்பேசியில் செய்தியைக் காணோம். மற்ற இருநூறு பேரிடமும் பத்திரமாக இருந்தது.

"அப்பா ஒங்கள ஒடனே வரச் சொல்றாரு." அவள் குரலில் சிரிப்பில்லை.

கல்யாணம் போயிற்று என்றே நினைத்தான். உடனே காரை எடுத்தான். மணியம் தோட்டத்தில் ஆள்களை மேய்த்த மண்டோர். அவர் ஒரு சத்தம் போட்டால் மூன்று மர நிரை தள்ளி நிற்பவனுக்கும் வேர்க்குமாம். இரங்கலில் எழுதியது சும்மா ஊர் வழக்கத்துக்கு.

வீட்டு வாசலில் செருப்புக் குவியல். ஒருவர் கையில் மாலைகூட இருந்தது. திரும்பி ஓடிவிடலாமா? தேன்மொழியின் முகம் சன்னலில் தெரிந்ததால் உள்ளே போனான்.

நாற்காலியில் மணியம். முகம் சிவந்திருந்தது. வாயைத் திறந்தார். கமலநாதன் கண்ணை மூடிக்கொண்டான்.

சத்தம் வரவில்லை.

"காலைலேருந்து முப்பது பேரு வந்துட்டாங்க," என்றார் தணிந்த குரலில். "நீங்க எழுதுனதக் காட்டி, ஆமா, அண்ணன் யாரையும் ஏசுனதே இல்லன்னு அழுறாங்க. இவங்க முன்னால இனி நான் எப்படி ஏசுறது?"

கமலநாதன் கதவோரமாக ஒதுங்கினான்.

"ஒக்காருங்க, மாப்ள." மணியம் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "நெஜமா நான் போறன்னைக்கும் நீங்களே எழுதுங்க. ஆனா மொதல்ல மூச்சு இருக்கான்னு பாருங்க லா."