அக்பர் அலி ஜோடி சேர்த்த கதை

திண்டுக்கல்லில் அந்தச் செருப்புக் கடை, அஜீஸுன்னிசாவுக்கு அவளுடைய அத்தா விட்டுச்சென்றது. அவள் கணவர் அக்பர் அலிக்கு அங்கே ஒரே வேலைதான். திருட்டுக்குப் பயந்து வெளியே இடதுகால் மட்டும் தொங்கும், வலதுகாலெல்லாம் பரணில். வந்தவர் கைகாட்டும் செருப்புக்கு அவர் ஜோடி எடுத்து வரவேண்டும். அவர் பரணேறினால், வந்தவர் டீ குடித்து, மனம் மாறி, அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவார்.

"பெருநாள் கூட்டத்துலயும் இப்புடித்தான்னா, என் தம்பி யாசின் வரட்டும். நீங்க வீட்டுல கெடங்க," என்றாள் அஜீஸுன்னிசா.

மகள் முஹ்சினா இரக்கப்பட்டு செல்போனில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். கவிழ்ந்திருக்கும் சீட்டுகளைப் புரட்டி ஒரே படங்களை ஜோடி சேர்க்கவேண்டும்.

"இது பால்வாடிப் பிள்ளைக விளையாடுறதுல்ல?" என்று உதட்டைப் பிதுக்கியவர், கிளியைத் தேடிக் கத்தரிக்காயைப் புரட்டினார், கத்தரிக்காயைத் தேடிக் கிளியைப் புரட்டினார். பால்வாடிப் பிள்ளை தேவலாம். போகப்போக ஒரு வழி பிடிபட்டது: வரிசையாகப் புரட்டி, கண்டதையெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்தால் மனதில் நிற்கிறது. ஆட்டம் சடசடவென்று முடியத் தொடங்கியது. மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவர்களைக்கூட அவர் ஏளனமாகப் பார்த்தார்.

பெருநாள் கூட்டம் தொடங்கிய அன்று, நெய்க்காரப்பட்டி விவசாயி பொன்னுத்துரை ஒரு பழுப்புச் செருப்பைக் காட்டினார். அக்பர் அலி பரண் பக்கமே போகவில்லை. அச்சு அசலாக அதே படம் வாசல் கயிற்றில் தொங்கியது அவர் மனதில் பளிச்சிட்டது. பாய்ந்துபோய் எடுத்து வந்து, மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

பொன்னுத்துரை மாட்டிக்கொண்டு நாலடி நடந்தார். "ஏனுங்க பாய், எனக்கு ரெண்டும் இடதுகாலுன்னு யாருங்க சொன்னது?"

"டிசைன் ஒண்ணு, கலர் ஒண்ணு..." என்று இழுத்தார் அக்பர் அலி.

"கத்தரிக்காய்க்கு இடது வலது கெடையாதுங்க," என்றாள் அஜீஸுன்னிசா. "மனுசனுக்கு உண்டு. நாளைக்கு யாசின் வருவான்."

பொன்னுத்துரை விழுந்து விழுந்து சிரித்தார். வேடிக்கை பார்க்க நின்ற நாலு பேர் உள்ளே வந்து விலை கேட்டார்கள். அக்பர் அலி சட்டையை உதறிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

"எங்க போறீங்க? நாளைக்கு நீங்களும் வாங்க," என்றாள் அவள், கல்லாவிலிருந்து தலை நிமிராமல். "வாசல்ல நின்னு ஆளைக் கூப்புடுங்க. உங்களப் பாத்தா சனம் சிரிச்சுக்கிட்டே உள்ள வருது. செருப்ப மட்டும் தொட்றாதீங்க."