சவ்வுக்காகக் கறார் எழுதிய செய்தி

நீதிமன்றத்தின் தரைத்தளத்தில், கழிப்பறைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் நிருபர்களுக்கென்று ஓர் அறை உண்டு. அறை என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வதுதான். ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கும் ஒரு மின்விசிறி. முப்பது வருஷமாக அங்கே எதிரும் புதிருமாக உட்கார்ந்து பிழைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கறார், மற்றவர் சவ்வு. அந்த அறை வைத்த பட்டப்பெயர்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வாசலில் நிற்கும் காவலருக்குக்கூடத் தெரியாது.

கறார் எழுதினால் நாலு வரி. யார், என்ன செய்தார், என்ன தண்டனை, தீர்ந்தது. சவ்வு அப்படியா? கூண்டுக் கம்பியைப் பிடித்திருக்கும் கையில் ஆரம்பிப்பார். தண்டனை என்னவென்று தெரிய வாசகர் கடைசிப் பத்தி வரை அவர் கூடவே நடந்து போக வேண்டும். இருவரின் பத்திரிகைகளும் பரம வைரிகள். முதலாளிகள் நேருக்கு நேர் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் விடிந்ததும் கறார் முதலில் பிரித்துப் படிப்பது சவ்வின் பத்திரிகையைத்தான். அங்கேயும் அதே கதைதான்.

இன்னொன்றும் உண்டு. ஒருவருக்கு வீட்டில் ஏதாவது என்றால் மற்றவர் இரண்டு பேருக்குமாக எழுதிவிடுவார். முதலில் தன் நடையில் ஒன்று, பிறகு அவர் நடையில் ஒன்று. இரண்டும் மறுநாள் காலை ஒரே நேரத்தில் கடைக்கு வரும். யாரும் முந்தவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. அலுவலகத்தை ஏமாற்றுவதுதான் கஷ்டம். அந்தக் காலத்து உதவி ஆசிரியர்கள் லேசுப்பட்டவர்களா என்ன! ஒருமுறை சவ்வுக்குப் பெண் பிறந்த அன்று கறார் எழுதிக் கொடுத்ததில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். மறுநாள் அங்கிருந்த மூத்தவர் சவ்வைக் கூப்பிட்டு, ஏனப்பா உடம்பு சரியில்லையா, நேற்று உன் செய்தியில் ஒருத்தரும் பெருமூச்சுகூட விடவில்லையே என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி அந்த அறை எத்தனை நாள் சிரித்தது! இப்போது நினைத்தாலும் கறாருக்கு நெஞ்சு இனிக்கும்.

அதெல்லாம் ஒரு காலம். இப்போது செய்தி விடியும்வரை காத்திருப்பதில்லை. சவ்வின் பத்திரிகை அச்சை நிறுத்திவிட்டு மொத்தமாகப் போனுக்குள் குடியேறிவிட்டது. கறாரின் பத்திரிகை ஒரு காலை உள்ளே வைத்திருக்கிறது. யார் முதலில் போட்டார்கள் என்பதுதான் பேச்சு. சவ்வு இரண்டு முறை பிந்திவிட்டார். மூன்றாவது முறை பிந்தினால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே.

பாலம் இடிந்த வழக்கில் தீர்ப்பு வந்த அன்று காலையில், சவ்வின் மனைவிக்கு வயிற்றில் கட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை. தீர்ப்பும் அதுவும் ஒரே நாளில் வந்து விழும் என்று யார் கண்டார்கள்? மருத்துவமனையிலிருந்து சவ்வு போன் செய்தபோது குரல் சரியாகவே இல்லை.

"மாப்ளே, இன்னைக்கு எனக்கும் சேர்த்து எழுதிடுடா. உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

எழுதுகிறேன், நீ வாசலை விட்டு நகராதே என்றார் கறார். சொன்ன பிறகுதான் சிக்கல் உறைத்தது. இருப்பது ஒரு போன், ஒரு கட்டைவிரல். இரண்டில் ஒன்றுதானே முதலில் போகும்? தன்னுடையதை முதலில் அனுப்பினால் சவ்வின் வேலைக்கு ஆபத்து. சவ்வினுடையதை அனுப்பினால் தன் ஆபீஸில் கிடைக்கப் போகும் அர்ச்சனை தெரிந்ததுதான். கறார் அதிகம் யோசிக்கவில்லை. திட்டு வாங்கிப் பழகிய காது, இன்னொன்றைத் தாங்காதா?

ஒப்பந்தக்காரருக்கு ஏழாண்டுச் சிறை என்று நீதிபதி சொன்னார். பாலம் இடிந்ததில் மகனை இழந்த தாய் ஒருத்தி பின்வரிசையில் ஓவென்று அழுதாள். கறார் கீழே ஓடிவந்து நாலு வரியை அடித்தார். அடுத்து அந்தத் தாயின் அழுகையில் ஆரம்பித்துச் சவ்வுக்கு நீளமாக ஒன்று. சவ்வுக்கு உள்ளதைச் சவ்வுக்கு அனுப்பினார். சவ்வு அதைத் திறந்துகூடப் பார்க்காமல் தன் ஆபீஸுக்குத் தள்ளிவிட்டார். பிறகு கறார் தன்னுடையதைத் தன் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டு, வியர்வையைத் துடைத்தார்.

வெளியானதைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். தன் பெயரின் கீழே தாய் அழுதுகொண்டிருக்கிறாள். சவ்வின் பெயரின் கீழே நாலு வரி. கட்டைவிரல் மாற்றி அனுப்பிவிட்டது!

போச்சு, இரண்டு பேர் குட்டும் உடைந்தது என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போன் அடிக்கும், நீங்கள்தான் எழுதினீர்களா என்று கேட்பார்கள், சவ்வின் தலை உருளும். போன் அடிக்கத்தான் செய்தது. அவருடைய ஆசிரியர், மகன் வயதுப் பையன். போட்டிப் பத்திரிகைக்காரன் முந்திவிட்டான் சார், இனி இப்படி ஆகக் கூடாது சார் என்றான். பிறகு, அழுகிற அம்மா நன்றாகப் போகிறது சார் என்றும் சொன்னான். அவ்வளவுதான்.

முப்பது வருஷம் நாலு வரிக்கு மேல் எழுதாத மனிதன் திடீரென்று ஒப்பாரி வைத்திருக்கிறான், ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் கறாருக்கு அழுகை முட்டியது. கண்டுபிடித்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனார். கட்டியை எடுத்தாகிவிட்டது, பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்த சவ்வு நண்பரைப் பார்த்ததும் சிரித்தார். அதற்குள் செய்தியைப் படித்திருந்தார். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும், ஆபீஸிலிருந்து பாராட்டே வந்தது என்றும் சொன்னார்.

"இவ்வளவு வருஷத்துல இன்னைக்குத்தான்டா நல்லா எழுதியிருக்கேன்னு சொன்னாங்க. அதுவும் உன் எழுத்துக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கறாருக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உள்ளே அவர் மனைவி கண் விழித்திருந்தாள். வாங்கண்ணா என்று உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு, தீர்ப்பு என்னாச்சு, படிங்க என்று கணவரிடம் கேட்டாள். அவள் கண்ணை மூடிக்கொள்ள, சவ்வு தன் பெயரில் வந்த நாலு வரியைப் படித்தார்.

"இது அண்ணன் எழுதினது" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கறார் தன் பெயரில் வந்ததை எடுத்துக் கொடுத்தார். தாய், அழுகை, பின்வரிசை என்று சவ்வு முழுவதையும் நிதானமாகப் படித்து முடித்தார். அசல் சவ்வு நடை. கறாரே மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

அவள் கண் மூடியே இருந்தது. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தார்கள்.

"இதுவும் அண்ணன்தான். நீங்களா இருந்தா அந்தம்மாவ மொதல்ல உட்கார வெச்சிருப்பீங்க. அப்புறம்தான் அழ விட்டிருப்பீங்க." தலையைத் திருப்பிக் கணவரைத் தேடினாள். "நீங்க எழுதினது எங்க?"

சவ்வு போனை மேசையில் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இன்னைக்கு ஒண்ணும் எழுதலம்மா. வாசல்லயே நின்னுட்டிருந்தேன்."