பன்னன் தெருவில் நாற்பது தொடைகள்

அந்த மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் நர்ஸ் டிம்ப்னா மெக்ளேடுக்கு நாற்பது குழந்தைகள் தேவைப்பட்டன. முப்பத்தொன்பது போதாது. ஆஸ்பத்திரிக் குழு எழுத்திலேயே கொடுத்திருந்தது: பன்னன் தெரு மண்டபத்தில் நடக்கும் தடுப்பூசி முகாமுக்கு இந்த முறை நாற்பது பேர் வராவிட்டால் முகாமை மூடிவிடலாம். தாய்மார்கள் இனி ஆஸ்பத்திரிக்கே வந்துகொள்ளட்டும்.

ஆஸ்பத்திரி ஒரு மைல்தான். ஆனால் அந்த ஒரு மைலில் இரண்டு ராணுவச் சோதனைச் சாவடிகள், எரிந்துபோன ஒரு பஸ், அதைத் தாண்டினால் எங்கள் ஆட்கள் குடியிருக்கும் சாலை. எங்கள் ஆட்கள் என்றால் புராட்டஸ்டண்டுகள். பன்னன் தெரு முழுக்கக் கத்தோலிக்கர்கள். பெல்ஃபாஸ்டில் அந்த வருஷம் ஒரு கத்தோலிக்கப் பெண் கைக்குழந்தையோடு எங்கள் சாலையில் நடந்து வருவதைவிட ஸ்காட்லாந்துக்கு நீந்திப் போவது எளிது. ஏற்கெனவே அந்தப் பக்கத்துக் குழந்தைகள் மூன்று கக்குவான் இருமலோடு வார்டில் கிடந்தன. நான் டீ குடிக்கப் போவது அந்த வார்டு வழியாகத்தான். அந்த இருமலைக் கேட்டுவிட்டுக் குடிக்கிற டீ தொண்டையில் இறங்காது.

நான் ஆஸ்பத்திரி வேன் ஓட்டினேன். அதற்கு முன் இரவு ஷிப்டில் பிணவறை வண்டி தள்ளினேன். அந்த வேலையை விட்டதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

முந்தைய முகாமுக்குப் பதினொரு பேர்தான் வந்தார்கள். காரணம் ரொம்பச் சாதாரணமானது. வேன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சாவடியில் விட்டால் காலை பத்து மணி, விடாவிட்டால் பிற்பகல் மூன்று. கணப்பு இல்லாத மண்டபத்தில் பால்குடிப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எவள் ஐந்து மணி நேரம் உட்காருவாள்?

யோசனை சொன்னது அசம்ப்டா டார்கன். ஏழு பிள்ளை பெற்றவள். பன்னன் தெருவில் பாதிரியார் சொன்னதைக்கூட அவளிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள்.

"குப்பைத்தொட்டி மூடி எதுக்கு இருக்கு, சிஸ்டர்?" என்றாள்.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஆண்களைப் பிடித்துப்போக ராணுவம் தெருவில் நுழைந்தால் முதலில் பார்க்கிற பெண் குப்பைத்தொட்டியின் தகர மூடியை எடுத்து நடைபாதையில் ஓங்கி அடிப்பாள். சத்தம் கேட்டவள் தன் மூடியை எடுப்பாள். ஏன் என்று கேட்கக் கூடாது, அடிக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் ஏழெட்டுத் தெரு அதிரும். ஒளிய வேண்டியவன் ஒளிந்துகொள்வான்.

"ராணுவம்னா தடதடன்னு நிக்காம அடிப்போம். நீங்க வந்தா மூணு அடி. கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூணு. மெதுவா, கோயில் மணி மாதிரி."

"எல்லாருக்கும் புரியுமா அசம்ப்டா?"

"நான் சொன்னா என் வீட்டுக்காரருக்கே புரியும். இவளுங்களுக்குப் புரியாதா?"

அன்று ஒன்றரை மணிக்கு எங்களைச் சாவடியில் விட்டார்கள். வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுப் பெட்டிகளை மண்டபத்துக்குச் சுமந்தேன். அசம்ப்டா முடியைச் சுருட்ட மாட்டிய குழல்கள் தலையில் அப்படியே இருக்க வாசலில் மண்டியிட்டாள். மூடியைத் தூக்கினாள். மூன்று அடி. நிறுத்தினாள். மூன்று அடி. நிஜமாகவே கோயில் மணி மாதிரிதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியும் சரியாக அடித்தாள். எதிர்வீட்டுக்காரியும் தாளம் தப்பவில்லை.

நாலாவது வீட்டுக் கிட்டி குவிக்லி கெடுத்தாள். அவள்மேல் பழி சொல்லவும் முடியாது. இரண்டு வருஷமாக ஒரே அடிதான் அடித்துப் பழகிய கை. மூடியைக் கையில் எடுத்ததும் அது தானாக ஓடத் தொடங்கியது. அவள் வேகத்தைக் கேட்டு அடுத்தவள் இன்னும் வேகம். பின்தெருவுக்குப் போனபோது அதில் மூன்றும் இல்லை, நிறுத்தமும் இல்லை.

கதவுகள் சாத்தப்பட்டன. கொல்லைப்புறச் சுவர்களில் ஆண்கள் ஏறிக் குதித்தார்கள். ஒருவன் பாதி முகத்தில் சவர நுரையோடு போனான். மண்டபத்தில் ஐம்பது நாற்காலி, ஐஸ் பெட்டி, டிம்ப்னா, நான்.

"கோயில் மணின்னாளே," என்றாள் டிம்ப்னா.

"கோயில் தீப்பிடிச்சா அடிக்கிற மணி போல, சிஸ்டர்."

"வாய மூடுடா."

வாயை மூடுவதற்குள் ராணுவம் வந்தது. அவர்களுக்கும் காது உண்டே. சும்மா இருந்த தெருவில் திடீரென்று மூடி அடிக்கிறார்கள் என்றால் ஏதோ நடக்கிறது என்று இரண்டு கவச வண்டிகள் தெருமுனையில் திரும்பி, என் வேனை உரசிக்கொண்டு உள்ளே நுழைந்தன. பன்னன் தெருவின் மறுமுனை ஆலைச் சுவர். போன வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

ராணுவம் உள்ளே வந்தால் பெண்கள் வெளியே வருவார்கள். அதுவும் வழக்கம்தான். தெருவை அடைத்து வரிசையாக நிற்பார்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டு வர வழியில்லை, பார்த்துக்கொள்ள வேண்டிய அப்பன்மார் சுவர் தாண்டிப் போய்விட்டார்கள். ஆகவே இடுப்பில் ஒன்று, தள்ளுவண்டியில் ஒன்று என்று எல்லாக் குழந்தைகளும் தெருவுக்கு வந்தன.

லெப்டினன்ட் இறங்கினான். இங்கிலாந்துக்காரன், குளிரில் காது சிவந்திருந்தது.

"யாரு மூடி அடிச்சது? எதுக்காக?"

"ஏன் தம்பி, நீ வெளிய சுத்துறது உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் கிட்டி.

"காதப் பாருடி, வேகவச்ச பன்னிக்காது மாதிரி இருக்கு. ஒரு குல்லா பின்னிக் குடுங்க பாவம்," என்றாள் இன்னொருத்தி.

டிம்ப்னா மண்டப வாசலில் நின்றாள். உதடுகள் அசைந்தன. ஜெபம் செய்கிறாள் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தாறு," என்றாள். "டிரேய எடு."

வரிசையின் இடதுகோடியில் அசம்ப்டா நின்றாள், கடைக்குட்டி இடுப்பில்.

"பிள்ளையக் கொண்டா."

"இப்பவா? வரிசைய விட்டு வர முடியாது சிஸ்டர். ஒருத்தி நகர்ந்தா இவனுங்களுக்குப் பயந்துட்டோம்னு ஆயிடும்."

"நீ நகரவே வேண்டாம். தொடையக் காட்டு."

"யார் தொடைய?"

வரிசை முழுக்கச் சிரித்தது. சிப்பாய் ஒருவன் சிரிப்பை அடக்க எச்சில் விழுங்கினான். டிம்ப்னா ஊசியைச் செருகினாள். கடைக்குட்டி வீறிட்டதும் இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தார்கள்.

அவள் வரிசையோடு நகர்ந்தாள். பெயர், வீட்டு நம்பர், தொடை, ஊசி, அலறல். ஒரு தாயும் மறுக்கவில்லை. ஊசி போடத்தான் அவர்கள் ஒரு மாதமாகக் காத்திருந்தார்கள். பதிவேடு அவள் அக்குளில் இருந்தது. பத்தொன்பதாவது பிள்ளைக்குப் போட்டபோது லெப்டினன்ட் என்னிடம் வந்தான்.

"என்ன நடக்குது இங்க?"

"கக்குவான் ஊசி, சார்."

"அவ்வளவுதானா? அப்ப நாங்க கிளம்பறோம்."

டிம்ப்னா திரும்பினாள். "நீங்க கிளம்பக் கூடாது."

"என்னம்மா சொல்றீங்க?"

"நீங்க போனா இவங்களும் உள்ள போய்க் கதவச் சாத்திக்குவாங்க. இன்னும் இருபத்தொண்ணு பாக்கி. அங்கயே நில்லுங்க. கொஞ்சம் கெட்டவன் மாதிரி மூஞ்சிய வச்சுக்கங்க."

"எனக்கு மேலிடத்து உத்தரவு இருக்கு, சிஸ்டர்."

"எனக்கும் இருக்கு தம்பி."

அவன் ரேடியோவில் பேசினான். திரும்பி வரச் சொன்னார்கள். கவச வண்டிகள் பின்னால் நகரத் தொடங்கின. நான் அவற்றை முந்திக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். வேனைக் கிளப்பி, குறுக்கே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அதன் மேல்மூடியைத் திறந்துவைத்தேன்.

"வண்டிய எடு!" என்று லெப்டினன்ட் கத்தினான்.

"எடுக்க மாட்டேங்குது, சார்."

"இப்பத்தானே ஓட்டுன?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

நாலு சிப்பாய்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தள்ளட்டும் என்று விட்டுவிட்டு டிரே பிடிக்கத் திரும்பினேன்.

ராணுவம் போக மறுப்பதைப் பார்த்த பெண்கள் இன்னும் நெருங்கி நின்றார்கள். ஆனால் நாற்பத்தாறில் நாலு பிள்ளைக்குக் காய்ச்சல். இரண்டு பேர் ஊசி வயதைத் தாண்டியவர்கள். வலதுகோடியில் கடைசியாக ஒரு சின்னப் பெண் நின்றாள், கம்பளியில் சுற்றிய குழந்தையோடு. டிம்ப்னா பதிவேட்டைப் பார்த்தாள். முப்பத்தொன்பது.

"போடு சிஸ்டர். எழுத மட்டும் எழுதாத," என்றாள் அந்தப் பெண். நாலடி தள்ளி ஒரு சிப்பாய் நின்றான். சவர நுரையோடு சுவர் தாண்டியவன் இவள் புருஷன் என்று எனக்குத் தோன்றியது. பெயரை எழுதினால் அவனையும் எழுதின மாதிரி.

"எழுதாட்டி சேத்துக்க மாட்டாங்க கண்ணு."

"அப்ப போட வேண்டாம்."

அவள் திரும்பினாள். டிம்ப்னா கம்பளிக்குள் கைவிட்டுக் காலைப் பிடித்தாள். தாய் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். ஊசி இறங்கியது. அலறல் மற்ற எல்லாவற்றையும் தோற்கடித்தது. தாயும் பிள்ளையும் சந்துக்குள் போய்விட்டார்கள்.

டிம்ப்னா என் பக்கம் பேனாவை நீட்டினாள். "ஒரு பேர் சொல்லு. சீக்கிரம்."

தெருமுனையில் யாரோ ஹேண்ட்பிரேக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். லெப்டினன்ட் என்னைக் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டான்.

"வெஸ்லி," என்றேன். "வெஸ்லி பாலன்டைன்."

எழுதினாள். வீட்டு நம்பரை அவளே போட்டுக்கொண்டாள். வேன் நகர்ந்தது. கவச வண்டிகள் வெளியேறின. "ஓடிட்டானுங்க!" என்று தெரு ஆர்ப்பரித்தது.

சாவடியில் நிற்கும்போது டிம்ப்னா பதிவேட்டை விரித்து ஆசையாக வாசித்தாள். "கொலம், பிரிஜிட், மாலக்கி, ஷேமஸ், ஊனா..." நிறுத்தினாள். "வெஸ்லியா?"

எங்கள் ஊரில் பெயரைச் சொன்னால் போதும். எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம், எந்தச் சாலையில் நடந்தால் அடி விழும், எல்லாம் தெரிந்துவிடும். வெஸ்லி என்று ஒரு கத்தோலிக்கன் நாய்க்குக்கூடப் பெயர் வைக்க மாட்டான்.

"எனக்குத் தெரிஞ்ச பேரத்தானே சொல்ல முடியும், சிஸ்டர்? எங்க தெருவுல மூணு வெஸ்லி இருக்கான்."

"அது பொம்பளப் பிள்ளடா!"

பதிவேட்டில் மையால் எழுதியதை அடிக்கக் கூடாது. அடித்தால் முப்பத்தொன்பது.

குழுத் தலைவர் டாக்டர் ஹாஸ்லெட் எங்கள் ஆள். ஞாயிறு தவறாமல் கோயிலில் முதல் வரிசை. பென்சிலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கடைசி வரியில் பென்சில் நின்றது.

"பன்னன் தெரு, பதினேழாம் நம்பர், வெஸ்லி பாலன்டைன்."

"ஆமா டாக்டர்," என்றாள் டிம்ப்னா.

"பதினேழு போன வருஷம் எரிஞ்ச வீடு இல்ல? அந்த வீட்டு ஆளுங்களுக்கு நான்தான் கட்டுப் போட்டேன்."

"காத்தோட்டமா இருக்குன்னு குடி வந்துட்டாங்க."

"பாலன்டைன் குடும்பம். அந்தத் தெருவுக்கு. தெரிஞ்சேதான் வந்தாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். தரை நன்றாகத் துடைத்திருக்கிறதா என்று நான் பார்த்தேன்.

"ஊசி போட்டது நிஜம்தானே?"

"சத்தியமா, டாக்டர். நாப்பது தொடை, நாப்பது ஊசி."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "முகாம் நடக்கட்டும். அடுத்த மாசம் ரெண்டாவது ஊசி. அந்த நாப்பது பேரும் வரணும்." பதிவேட்டை நீட்டினார். "வெஸ்லிய மறந்துடாதீங்க. பாவம், அந்தத் தெருவுல தனியா இருக்கான்."

நடைகூடத்துக்கு வந்ததும் டிம்ப்னா சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன்டா, அடுத்த மாசம் அந்த ராணுவத்த எப்படிடா வரவைக்கிறது?"