பக்கத்தில் ஓர் ஆள்

தொலைபேசி அடித்தபோது ஹோலில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நோர்வேயில், புருசெத்தில் தொடர்மாடியின் நான்காம் தட்டில் மகேசனின் வீடு. முதல் நாள் விடியப்புறம் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி செல்வமலர் இறந்துபோயிருந்தாள். அவளுடைய படத்தைப் புத்தகத் தட்டின் நடுவில் வைத்து, அதிலிருந்த மற்ற எல்லாவற்றையும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலில் சப்பாத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றிலிருந்து உருகிய பனித்தண்ணீர் மிதியடியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. கதிரைகள் போதாமல் எதிர்வீட்டுப் பாகிஸ்தான்காரர் தன் வீட்டுக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்து தந்திருந்தார்.

செல்வமலரின் சினேகிதி அருள்ராணிதான் தொலைபேசியின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தாள். அதில் இலக்கம் ஒன்றும் விழவில்லை, வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பென்றால் அப்படித்தான். அவள் திரும்பி மகேசனைப் பார்த்தாள்.

"மகேசண்ணை, கம்சாயினி போல கிடக்கு."

குழாயைப் பூட்டியதுபோல அழுகை நின்றது. விக்கலை அடக்க முடியாத ஒருத்தி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். குசினியில் தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருந்த குடும்ப நண்பர் பரமநாதன் கையிலிருந்த கோப்பையைச் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறக்கினார். அத்தனை பேர் இருந்த வீடு ஆளில்லாத வீடுபோல ஆனபிறகு மகேசன் தொலைபேசியை எடுத்தார்.

"அப்பாவோ? நான்தான். அம்மாவிட்டைக் குடுங்கோ."

"அம்மா குளிக்கிறா, பிள்ளை."

மெக்சிகோவில் அது காலை நேரம். தூரத்தில் ஒரு சேவல் கூவுவது அவருக்குக் கேட்டது. மகள் அவசரமாகக் கதைத்தாள். இன்றைக்குக் கழுதைகளோடு மலை ஏறவேண்டும் என்றாள், அடுத்த தொலைபேசி ஞாயிற்றுக்கிழமை போகும் ஊரில்தான் என்றாள். பிறகு, "அம்மாவிட்டைச் சொல்லுங்கோ, சாம்பலியின்ரை முதுகுப் புண் ஆறீட்டுது எண்டு. மஞ்சள் கிடைக்கேல்லை, தேங்காயெண்ணெய் மட்டும்தான் பூசினனான். கட்டாயம் சொல்லுங்கோ" என்றாள்.

"சொல்லுறன்."

அவர் தொலைபேசியை வைத்தார். ஹோலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்ததுபோலத்தான் இருந்தார்கள். மகன் கிருஷிகன் மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றவன் நிமிர்ந்து, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அழுகை மறுபடியும் தொடங்கியது.

கம்சாயினி மெக்சிகோவுக்குப் போய் ஐந்து மாதமாகியிருந்தது. தாதிப் படிப்பை முடித்துவிட்டு, கூடப்படித்த இங்ரிட் என்ற பெண்ணோடு போனாள். அங்கே மலைநாட்டில் ஒரு சந்தையில் இரண்டு கழுதைகளை வாங்கி, கூடாரத்தையும் சாமான்களையும் அவற்றில் ஏற்றி, தெற்கே கடல்வரைக்கும் நடந்து போவது அவர்களுடைய எண்ணம். பாதியில் இங்ரிட் மஞ்சள்காமாலை வந்து திரும்பிவிட்டாள். கம்சாயினி திரும்பவில்லை.

இதை மகேசனால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை. அவர் தன் வாழ்க்கையில் தூரம் நடந்தது இரண்டு தரம். இரண்டு தரமும் உயிருக்குப் பயந்து. பயமில்லாமல் இருக்கிற ஒரு பிள்ளை, சம்பளத்துக்கு வேலை காத்திருக்கிற ஒரு பிள்ளை, ஏன் நடக்கவேண்டும்? கோயிலில் கண்டவர்களெல்லாம் விசாரித்தார்கள். பரமநாதனுக்கு அது நல்ல வாய்ப்பாகப் போய்விட்டது. "மகேசன், உம்மடை மகள் பட்டம் எடுத்துப்போட்டுக் கழுதைக்குப் பின்னாலை போறாளாம். நாங்கள் பட்டம் இல்லாமலே பஸ்ஸுக்குப் பின்னாலை ஓடுறம், பெரிய வித்தியாசம் ஒண்டும் இல்லை" என்று அன்னதானப் பந்தியில் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். மகேசன் அன்று சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பி வந்துவிட்டார்.

செல்வமலர் வேறுவிதம். அவள் மன்னார் பட்டினத்துக்காரி. அங்கே கடை வாசல்களிலும் நடு றோட்டிலும் கழுதைகள் படுத்திருக்கும், ஆட்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். மகள் கழுதை வாங்கினது தெரிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, அதற்கு என்ன வயது என்பது. இரண்டு கழுதைகளுக்கும் தொலைபேசியிலேயே பெயர் வைத்தாள். சாம்பல் நிறமானது சாம்பலி, கால் கட்டையானது கட்டையன். முதுகில் போடும் துணியில் மடிப்பு விழாமல் பார்க்கச் சொன்னாள், மடிப்பு உரசித்தான் புண் வரும் என்றாள். முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை முடிந்து வந்து, உடுப்பு மாற்றாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறு எப்படி, பாதை எப்படி, ஆட்கள் எப்படி என்று கேட்டுக்கொண்டிருப்பாள். மகேசன் எடுத்தால் அவருக்கு ஒரே ஒரு வசனம்தான். "இரு, அம்மாவிட்டைக் குடுக்கிறன்." பிள்ளைகள் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் அதைத்தான் சொல்லிவந்தார். இப்போது அதையும் சொல்ல முடியாது.

மகேசனின் நியாயம் இதுதான். இப்படிப்பட்ட செய்தியைத் தனியே நிற்கிற ஒருவருக்குச் சொல்லக்கூடாது. பக்கத்தில் ஓர் ஆள் நிற்கவேண்டும். விழுந்தால் பிடிக்க, தண்ணீர் கொடுக்க, ஒன்றுமில்லாவிட்டாலும் கையைப் பிடித்திருக்க. வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் அவரும் செல்வமலரும் மீன் தொழிற்சாலையில் வேலைசெய்த காலத்தில் செல்வமலரின் தம்பி ஊரில் போரின்போது செல்லடியில் செத்த செய்தி மகேசனுக்குத்தான் முதலில் வந்தது. அவர் மீன் வெட்டும் மேசைக்குப் போய், நின்றுகொண்டிருந்த அருள்ராணியைக் கண்ணால் கூப்பிட்டார். அருள்ராணி வந்து செல்வமலரின் இடது பக்கம் நின்றாள். மகேசன் வலது பக்கம் நின்று, அவள் கையிலிருந்த கத்தியை முதலில் வாங்கினார். பிறகுதான் சொன்னார். கனடாவில், லண்டனில், எங்கே யார் செத்தாலும் இப்படித்தான். முதலில் சினேகிதர் ஒருவரைப் பிடித்து அந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர் போய்ச் சேர்ந்து, சும்மா வந்தனான் என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் தொலைபேசி அடிக்கும்.

மெக்சிகோவில் யாரை அனுப்புவது?

பரமநாதன் மூன்று நாளும் அதே வேலையாகத் திரிந்தார். இப்போது அவர் பகிடி ஒன்றும் விடவில்லை. அந்த நாட்டில் தமிழர் யாராவது இருக்கிறார்களா என்று ரொறன்ரோவில் விசாரித்தார், பாரிசில் விசாரித்தார். தலைநகரத்தில் ஒரு இந்தியக் கொம்பனியில் மதுரைப் பெடியன் ஒருவன் இருப்பது தெரியவந்தது. அவன் நல்ல பிள்ளை. "சார், நான் கெளம்பிப் போறேன், ஆனா எங்க போகணும்னு சொல்லுங்க" என்றான். அவள் எந்த ஊரில் நிற்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. தூதரகத்தில் அன்பாகக் கதைத்தார்கள், அந்தப் பகுதிப் பொலிசுக்கு அறிவித்துத் தேடிச் சொல்லலாம் என்றார்கள். மகேசன் வேண்டாம் என்றார். துவக்கோடு பொலிஸ்காரன் ஒருவன் வந்து பாதையில் மறித்து அம்மா செத்துப்போனா என்று சொல்லுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கிருஷிகன் சனிக்கிழமை குசினிக்கு வந்தான். இறுதிச் சடங்கு நடத்தும் அலுவலகத்தில் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மேல் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே போய்க் கதைத்தவன் அவன்தான். அவன் நோர்வேஜிய மொழியில் தொடங்கினான், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினான்.

"நாளைக்கு நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"தனிய நிக்கிறாள், தம்பி."

"தனிய நிக்கிறது பிரச்சினை இல்லை அப்பா. அவளுக்கு மட்டும் தெரியாமல் நாங்கள் எல்லாரும் தெரிஞ்சுகொண்டு இருக்கிறம். அதுதான் பிரச்சினை."

அருள்ராணி அடுப்பில் இருந்ததைக் கிளறிக்கொண்டே, "வாய்க்கரிசி போட அவளுக்கு ஒரு வழி வேணும் அண்ணை. பெத்த தாய்க்கு" என்றாள். கரண்டியை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்தாள். அவள் இதுவரையும் மகேசனின் பக்கம்தான் நின்றாள். அவளும் மாறினது தெரிந்தபோது மகேசன் எழும்பிப் போய், உறைந்த புற்தரையில் பிள்ளைகள் பந்தடிப்பதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிறு இரவு தொலைபேசி அடித்தது. அன்று வீட்டில் ஆட்கள் இல்லை. அருள்ராணியைத் தவிர மற்றவர்களை வரவேண்டாம் என்று பரமநாதன் சொல்லி வைத்திருந்தார். கிருஷிகன் அப்பாவுக்கு எதிரே, கையை நீட்டினால் தொலைபேசியை வாங்கக்கூடிய தூரத்தில் நின்றான்.

"அப்பாவோ? அம்மா நிக்கிறாவோ?"

"நீ எங்கை நிக்கிறாய்?"

அவள் கொஞ்சம் தடுமாறினாள். அப்பா ஒருநாளும் கேள்வி கேட்பதில்லை. ஒரு சின்ன ஊர் என்றாள். தேவாலயத்துக்கு முன்னால் வெளி, அதில் ஒரு கடைச் சுவரில் தொலைபேசிப் பெட்டி இருக்கிறது, அதில்தான் கதைக்கிறேன் என்றாள்.

"பக்கத்திலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. சரியான வெயில். எல்லாரும் உள்ளுக்கை."

"கடைக்குள்ளை?"

"தெரியேல்லை. கதவு பாதி சாத்தியிருக்கு. ஏன் அப்பா?"

மகேசன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். கிருஷிகன் ஓரடி முன்னால் வந்தான்.

"கழுதையள் எங்கை?"

"இதிலைதான். பெட்டிக்குப் பக்கத்திலை கட்டியிருக்கிறன்."

"கிட்ட நிக்கிறது எது?"

"சாம்பலி."

"பாரம் இறக்கினதோ?"

"இறக்கீட்டன். இஞ்சைதான் இண்டைக்குத் தங்கிறன். அப்பா, அம்மாவிட்டைக் குடுங்கோவன்."

"சாம்பலியின்ரை கழுத்திலை கையை வை."

மறுமுனையில் அவள் சிரித்தாள். அப்பா கழுதையின் பெயர் சொன்னதே அவளுக்குப் புதினம். அந்தச் சிரிப்பு முடியும்வரை மகேசன் பொறுத்திருந்தார். கிருஷிகனும் அதைக் கேட்டான். கட்டியிருந்த கைகளை அவன் மெல்ல அவிழ்த்தான்.

"வை பிள்ளை. அப்பா சொல்லுறன்."

"வைச்சிட்டன்."

"நல்லாப் பிடி. அதோடை சாய்ஞ்சு நில்."

இப்போது அவள் சிரிக்கவில்லை. முதல் நாள் இரவு முழுவதும் மகேசன் வசனங்களைச் சேர்த்து வைத்திருந்தார். முதலில் அம்மாவுக்குத் தலையிடி வந்ததைச் சொல்லி, ஆஸ்பத்திரியைச் சொல்லி, படிப்படியாகக் கொண்டுவந்து முடிப்பது என்று. அவற்றில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"அம்மா செத்துப்போனா, பிள்ளை. செவ்வாய்க்கிழமை. மூளையிலை ரத்தம் கசிஞ்சு. நோகேல்லை எண்டு சொன்னவை."

தொலைபேசியில் காற்றுச் சத்தம் கேட்டது. அவள் அழுவாள் என்று நினைத்து அவர் காதை இறுக்கி வைத்திருந்தார். அவள் அழவில்லை.

"நான் போன முறை எடுக்கேக்கை?" என்று கேட்டாள்.

"ஓம்."

"குளிக்கிறா எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் பிள்ளை. நீ தனிய நிண்டனி."

"இப்பவும் தனியத்தானே நிக்கிறன்."

எதிரே கிருஷிகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"புண் ஆறினது அம்மாவுக்குத் தெரியாது" என்றாள் அவள். கேள்வியாக இல்லை.

வெள்ளிக்கிழமை சடங்கு என்று மகேசன் சொல்லத் தொடங்கினார். நாளைக்கு அங்கிருந்து பஸ் இருக்கிறதா, பட்டினத்துக்கு எவ்வளவு தூரம், தம்பி டிக்கெட் போடுவான், அந்த மதுரைப் பெடியன் பஸ்ஸடிக்கு வந்து நிற்பான், கழுதைகளைத் தெருவில் விட்டுவிட்டு வராதே, நல்ல ஆளாகப் பார்த்துக் கையில் கொடு. எப்போதும் ஒரு வசனத்தோடு முடித்துக்கொள்கிற மனிதர் நிறுத்தாமல் கதைத்துக்கொண்டிருந்தார். கதைக்கும்வரைக்கும் அவள் அங்கே நிற்பாள் என்று நினைத்தாரோ என்னவோ. நடுவில் ஒரு பொருள் சுவரில் மோதும் சத்தம் கேட்டது. மறுபடி மோதியது. பிறகு மெதுவாக, இன்னும் மெதுவாக. அவள் தொலைபேசியை விட்டுவிட்டாள், அது கம்பியில் தொங்கி ஆடுகிறது என்று அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கம்சாயினி" என்று கூப்பிட்டார். "பிள்ளை."

கிருஷிகன் கையை நீட்டினான். மகேசன் கொடுக்கவில்லை.

அங்கே, வெகுதூரத்தில், கழுதை ஒன்று குளம்பை மாற்றி வைத்தது. மூச்சு விட்டது. பிறகு ஒரு கதவு கிறீச்சிட்டது. ஒரு பெண்ணின் குரல் கேட்டது. வயதான குரல் அல்ல, இளம் குரலும் அல்ல. அது என்னவோ கேட்டது. மறுபடியும் கேட்டது, இம்முறை கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி. மகேசனுக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. சாமான் ஒன்றைக் கல்லின்மேல் இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. கதிரையாக இருக்கவேண்டும். அந்தக் குரல் பிறகு நிற்கவேயில்லை, தாழ்ந்த தொனியில் எதையோ சொல்லிக்கொண்டேயிருந்தது. அதன் நடுவில் முதன்முதலாக மகள் அழும் சத்தம் வந்தது. மகள் பெட்டியில் போட்ட அட்டையில் காசு முடியப்போகிறது என்று தொலைபேசி விட்டுவிட்டுக் கீச்சிட்டது. மகேசன் கண்ணை மூடி, தொலைபேசியை இரண்டு கையாலும் காதோடு பிடித்து, விளங்காத அந்தப் பாஷையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.